30 கிலோமீட்டர் உயரத்தில் எந்த சென்சார் தாங்கும்? முதல் பலூன் அனுப்பப் போகிறவர்களுக்கு

வானிலை பலூனில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி அனுப்பி, மேலே என்ன நடக்கிறது என்று அளந்து பார்க்கலாம் என்ற ஆசை வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் வேலை, ஒரே போர்டில் ஏழெட்டு அளவுகளைத் தருகிற ஏதாவது ஒரு மாட்யூலை வாங்குவது. மேசை மேல் அது அழகாக வேலை செய்யும். மேலே போகப் போகத்தான் ஒவ்வொன்றாக நம்பிக்கை இழக்க வைக்கும், ஏனென்றால் அந்தச் சிப்பைச் செய்தவர்கள் மனதில் வைத்திருந்தது கைபேசியும் வீட்டுக்குள் மாட்டுகிற வானிலைக் கருவியும்தான். அதனால் டேட்டாஷீட்டை, அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத் தாளைத் திறந்ததும் துல்லியம் எவ்வளவு என்று தேடாதீர்கள். எந்த அழுத்தம் வரைக்கும், எந்தக் குளிர் வரைக்கும் அது வேலை செய்யும் என்பதை முதலில் பாருங்கள். துல்லியம் அப்புறம்.

மேலே இருக்கிற நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரப்பர் பலூன் நொடிக்கு சுமார் 5 மீட்டர் வேகத்தில் ஏறும், ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும்போது 30 கிலோமீட்டரைத் தொடும், வெடிக்கும், பாராசூட்டில் இறங்கும். தரையில் 1013 ஹெக்டோபாஸ்கல் இருந்த அழுத்தம் அங்கே வெறும் 12 தான். வெப்பநிலை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி வீதம் குறைந்துகொண்டே போய், ட்ரோபோபாஸ் என்கிற எல்லையில் நின்று, அதற்கு மேல் ஓசோன் புற ஊதாக் கதிரை விழுங்குவதால் மறுபடி மெதுவாக ஏறும். அந்த எல்லை துருவங்களுக்கு அருகே 8, 9 கிலோமீட்டரிலேயே வந்துவிடும். நிலநடுக்கோட்டுப் பக்கம் 16, 17 கிலோமீட்டரில்தான் வரும், அங்கே மைனஸ் 80 டிகிரி என்பது சாதாரணம்.

1. கேள்வியை எழுதிவிட்டு சென்சாரைத் தேடுங்கள்

“எல்லாவற்றையும் அளக்கப் போகிறேன்” என்பது கேள்வி இல்லை. “வெப்பநிலை எந்த உயரத்தில் குறைவதை நிறுத்துகிறது?” என்பது கேள்வி. இதற்கு அரை டிகிரி பிழை இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் சென்சார் வேகமாக மாற்றத்தைப் பிடிக்க வேண்டும். “கதிர்வீச்சு எந்த உயரத்தில் உச்சத்துக்குப் போகிறது?” என்று கேட்டால் வெப்பநிலை சென்சார் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் கவலையில்லை, உயரம் சரியாகத் தெரிந்தால் போதும். இப்படி ஒரு வரியில் எழுதிப் பார்த்தால், வாங்க நினைத்திருந்த பட்டியலில் பாதி தானாகவே அடிபட்டுப் போகும். முதல் பலூனுக்கு ஒரே ஒரு அளவை ஒழுங்காக எடுத்தாலே நல்ல விஷயம் என்பது என் கட்சி.

2. முதல் செலவு ஜிபிஎஸ்

இதை யாரும் சென்சாராகவே நினைப்பதில்லை, ஆனால் நீங்கள் வரையப் போகிற ஒவ்வொரு வரைபடத்திலும் ஒரு அச்சு உயரம்தான், அது தப்பானால் மீதி எல்லாம் வீண். ஏவுகணைகளில் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காகப் பழைய ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் 18 கிலோமீட்டர் உயரம், நொடிக்கு 515 மீட்டர் வேகம் என்று இரண்டு வரம்பு வைத்தன. இரண்டையும் ஒரே நேரத்தில் தாண்டினால் மட்டும் நிற்கிற மாட்யூல்கள் பலூனுக்குப் பிரச்சினை இல்லை. ஏதாவது ஒன்றைத் தாண்டினாலே நின்றுவிடுகிறவை 18 கிலோமீட்டரில் மௌனமாகிவிடும். வாங்குவதற்கு முன் டேட்டாஷீட்டில் அதிகபட்ச உயரம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். எதுவும் போடவில்லை என்றால் வேண்டாம், வேறு பாருங்கள்.

யூ-பிளாக்ஸ் நிறுவனத்தின் நியோ-6எம், மேக்ஸ்-எம்8க்யூ மாதிரியான மாட்யூல்கள் 50 கிலோமீட்டர் வரை தாங்கும். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் இல்லை! ஆரம்பத்தில் அவை கையில் எடுத்துப்போகும் கருவிக்கான முறையில் இருக்கும், அதன் வரம்பு 12 கிலோமீட்டர். விமானப் பயணத்துக்கான முறைக்கு, அதாவது இயக்க மாதிரி எண் 6-க்கு, நீங்கள்தான் கட்டளை அனுப்பி மாற்ற வேண்டும். இன்னொன்று, நடுவழியில் மின்சாரம் ஒரு கணம் தடைபட்டால் மாட்யூல் மறுபடி பழைய முறைக்குத் திரும்பிவிடலாம். எனவே கட்டளையைத் தொடக்கத்தில் ஒருமுறை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்காமல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை எந்த முறையில் இருக்கிறாய் என்று கேட்டு, தேவைப்பட்டால் மறுபடி அனுப்புகிற மாதிரி நிரல் எழுதுங்கள். போலிகளும் நிறைய உலவுகின்றன. இந்தக் கட்டளைக்குச் சரியான ஒப்புதல் திரும்ப வராத மாட்யூலை மேலே அனுப்பாதீர்கள்.

3. அழுத்தம்

புதியவர்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இது. எல்லாரிடமும் இருக்கிற பிஎம்பி180, பிஎம்பி280, பிஎம்இ280 எல்லாவற்றுக்கும் கீழ் வரம்பு 300 ஹெக்டோபாஸ்கல், அதாவது சுமார் 9 கிலோமீட்டர் உயரம். அதற்கு மேல் எண் வந்துகொண்டேதான் இருக்கும், அதுதான் ஆபத்து: நின்றுவிட்டால் தெரிந்துவிடும், தப்பான எண்ணை வரிசையாகத் தந்தால் தெரியாது.

பலூனுக்கு ஏற்றது எம்எஸ்5611 அல்லது எம்எஸ்5607. இரண்டுமே 10 ஹெக்டோபாஸ்கல் வரை போகும், கிட்டத்தட்ட 31 கிலோமீட்டர். இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தரையில் 1 ஹெக்டோபாஸ்கல் பிழை என்றால் உயரத்தில் 8 மீட்டர் பிழை, யாரும் கவலைப்பட மாட்டோம். 30 கிலோமீட்டரில் மொத்த அழுத்தமே 12 என்பதால் அதே 1 ஹெக்டோபாஸ்கல் பிழை 500 மீட்டருக்கு மேல் போய்விடும். மலிவான அழுத்த சென்சாரில் உச்சியில் இதைவிடக் கூடுதல் பிழையே வரலாம். ஆக, அழுத்தத்தை வைத்து உயரம் கணக்கிடுவது கீழே சரி, மேலே சரிப்படாது.

சரி, அழுத்த சென்சார் தேவையா? பல நாட்டு வானிலைத் துறைகள் தினமும் அனுப்புகிற வைசாலா ஆர்எஸ்41-எஸ்ஜி ரேடியோசோண்டில் (பலூனில் பறந்தபடியே அளவுகளை வானொலியில் அனுப்பும் கருவி) அழுத்த சென்சாரே கிடையாது. ஜிபிஎஸ் உயரத்தையும் வெப்பநிலை, ஈரப்பத அளவுகளையும் வைத்து அழுத்தத்தைக் கணக்குப் போட்டே எடுக்கிறார்கள். உங்களுக்கும் அது போதும். ஜிபிஎஸ் இடையில் காலை வாரினால் கைகொடுக்கட்டும் என்று ஒரு எம்எஸ்5611 வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

வைத்தால் இரண்டு விஷயம். வெயில் நேராக விழுந்தால் இதன் அளவு ஆடும், எனவே காற்றுத் துளை உள்ள பெட்டிக்குள், வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். அப்புறம், எம்எஸ்5611, பிஎம்இ280 இரண்டும் ஐ2சி கம்பியில் (பல சென்சார்கள் பகிர்ந்துகொள்ளும் தகவல் இணைப்பு) ஒரே இரண்டு முகவரிகளைத்தான் பயன்படுத்துகின்றன, பதினறும எண்ணில் 76, 77. இரண்டும் ஒரே முகவரியில் உட்கார்ந்தால் ஒன்றும் பேசாது. ஒன்றை மாற்றி அமையுங்கள். பிஎம்இ280 என்று சொல்லி பிஎம்பி280-ஐ விற்பதும் சர்வசாதாரணம். சிப்பின் அடையாள எண்ணைப் படித்துப் பாருங்கள், பதினறும எண்ணில் 60 வந்தால் பிஎம்இ, 58 வந்தால் ஈரப்பதம் அளக்காத பிஎம்பி.

4. வெப்பநிலை: எளிது மாதிரி தெரியும், எளிதில்லை

டிஎஸ்18பி20-இல் ஆரம்பிப்போம், எல்லாரும் அதில்தானே ஆரம்பிக்கிறார்கள். வரம்பு மைனஸ் 55. அரை டிகிரி துல்லியம் என்று போட்டிருப்பது மைனஸ் 10-க்கு மேல் மட்டும். நடு அட்சரேகைகளில் இது ஓரளவு தாக்குப்பிடிக்கும். வெப்பமண்டலத்தில் ட்ரோபோபாஸ் வருவதற்கு வெகு முன்னாலேயே எல்லை முடிந்துவிடும். டேட்டாவில் சரியாக 85 டிகிரி என்று ஒரு எண் திடீரென்று தலைகாட்டினால் பயப்படாதீர்கள், அளவெடுப்பு முடியாமலே படித்துவிட்டீர்கள் அல்லது இடையில் மின்சாரம் போய் வந்திருக்கிறது என்று அர்த்தம். 12 பிட் அளவுக்கு 750 மில்லிநொடி வரை ஆகும், காத்திருக்க வேண்டும். அர்டுயினோவில் பலரும் பயன்படுத்தும் நூலகத்தில் மைனஸ் 127 வந்தால் கம்பி கழன்றுவிட்டது என்று பொருள். டிஎம்பி117 மிகத் துல்லியமானது, அறை வெப்பநிலையை ஒட்டி 0.1 டிகிரிதான் பிழை, ஆனால் அதுவும் மைனஸ் 55-இல் நிற்கிறது.

ஆனால் சிப் எது என்பதைவிட முக்கியமான ஒன்று உண்டு: அது எவ்வளவு சீக்கிரம் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலைக்கு வருகிறது என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 5 மீட்டர் ஏற்றம், கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்றால் நொடிக்கு 0.03 டிகிரிக்குச் சற்று மேலே குளிர்கிறது. சென்சாரின் கால மாறிலி, அதாவது ஒரு மாற்றத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பிடிக்க அது எடுக்கும் நேரம், 60 நொடி என்றால் அது எப்போதும் 2 டிகிரி பின்தங்கியே இருக்கும். 0.1 டிகிரி துல்லியம் என்று காசு கொடுத்து வாங்கியது எங்கே போயிற்று? போதாததற்கு, காற்று மெலிய மெலிய அது சென்சாரிலிருந்து வெப்பத்தை எடுப்பதும் குறைகிறது, தாமதம் இன்னும் கூடும். அதனால் எஃகு உறைக்குள் வருகிற நீர்புகா வகை டிஎஸ்18பி20 கண்டிப்பாக வேண்டாம், அது தண்ணீர்த் தொட்டிக்கு. உறையில்லாத சின்ன மூன்று கால் வகை அதைவிட நல்லது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தெர்மிஸ்டர் மணி (வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறுகிற சின்ன உருண்டை) எல்லாவற்றையும்விட நல்லது.

தெர்மிஸ்டரில் உள்ள சிக்கல் மின்சுற்றில். 25 டிகிரியில் 10,000 ஓம் இருக்கிற வழக்கமான வகை, மைனஸ் 60-இல் பத்து லட்சம் ஓம் என்ற அளவுக்குப் போய்விடும். எல்லா உதாரணங்களிலும் வருகிற மாதிரி 10,000 ஓம் மின்தடையோடு சேர்த்து 10 பிட் ஏடிசியில் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சுற்று) கொடுத்தால், அந்தக் குளிரில் ஒரு டிகிரி மாறினால்கூட எண் ஒரு படி நகராது. 100,000 ஓம் போடுங்கள், ஏடிஎஸ்1115 மாதிரி 16 பிட் ஏடிசி ஒன்றைச் சேருங்கள், ஏடிசி பெட்டிக்குள் சூடான பக்கத்தில் இருக்கட்டும். இதெல்லாம் தலைவலி என்றால் பிடி1000 பிளாட்டினம் மின்தடை வாங்குங்கள், மெல்லிய படல வகை, உலோகக் குழாய்க்குள் வருவது வேண்டாம். 0 டிகிரியில் 1000 ஓம், மைனஸ் 60-இல் 763 ஓம். அட்டவணை உலகம் முழுவதும் ஒன்றுதான், படிப்பதற்கு மேக்ஸ்31865 போர்டு இருக்கிறது. படிக்கிற நேரத்தில் மட்டும் மின்னோட்டம் கொடுங்கள், இல்லையென்றால் மெல்லிய காற்றில் சென்சார் தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும். எனக்குப் பிடித்தது இதுதான்.

அடுத்தது வெயில். மேலே நிழலும் இல்லை, குளிர்விக்கக் காற்றும் போதாது, எனவே பகலில் சென்சார் காட்டுவது காற்றின் வெப்பநிலையோடு சூரியன் கூட்டிவிட்டதையும் சேர்த்துத்தான். பெரிய கறுப்பு சென்சாரில் இது பல டிகிரிக்குப் போகும். வெள்ளைப் பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். பாதிதான் சரி: வெள்ளைப் பெயின்ட் அகச்சிவப்பில் நன்றாகவே வெப்பத்தை வெளியேற்றும், அதனால் இரவில் சென்சார் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். இன்றைய ரேடியோசோண்டுகள் பளபளக்கும் உலோகப் பூச்சுக்கு வந்ததற்கு இதுதான் காரணம். சென்சார் சிறிதாக இருந்தால் இந்தப் பிழையும் சிறிதாகும். வாய்ப்பு கிடைக்கிறதென்றால் இரவில் ஒரு பலூனும் பகலில் ஒரு பலூனும் அனுப்பி இரண்டையும் ஒப்பிடுங்கள், வெயில் எவ்வளவு ஏமாற்றுகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

சென்சாரைப் பெட்டியில் ஒட்டாதீர்கள். ஒரு மெல்லிய குச்சியில் பெட்டியிலிருந்து தள்ளி நீட்டி வையுங்கள், பெட்டியும் பலூனிலிருந்து 30 மீட்டராவது கீழே தொங்கட்டும். ஏறும்போது பலூன் தன் பின்னால் சூடான காற்றை இழுத்துக்கொண்டே போகும், கயிறு குட்டையாக இருந்தால் நீங்கள் அளப்பது அதைத்தான்.

5. ஈரப்பதம்

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு வாங்குங்கள். டிஹெச்டி11 வேண்டவே வேண்டாம், 0 டிகிரிக்குக் கீழே அதற்கு வேலையில்லை. எஸ்ஹெச்டி31, எஸ்ஹெச்டி35 இரண்டும் மைனஸ் 40 வரை. குளிர் கூடக் கூட இவற்றின் பாலிமர் படலம் மந்தமாகிவிடும், ஒரு மேகத்துக்குள் புகுந்து வெளியே வந்த பிறகுதான் மேகம் இருந்ததாகச் சொல்லும். ஆகவே 7, 8 கிலோமீட்டர் வரை வருவதை நம்பலாம், அதற்கு மேல் வரைபடத்தில் போடாமலே விடுவது மரியாதை. ட்ரோபோபாஸுக்கு மேலே உள்ள ஸ்ட்ரடோஸ்பியரில் நீராவி பத்து லட்சத்தில் நாலைந்து பங்குதான்; அது இந்த விலை சென்சாருக்கு எட்டாத கனி.

ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்து வைக்கிறேன். இந்த சென்சார்கள் ஒப்பு ஈரப்பதத்தைத் திரவ நீரை வைத்துத்தான் கணக்கிடுகின்றன, உறைநிலைக்குக் கீழேயும்கூட. மைனஸ் 40-இல் பனிக்கட்டிப் படிகங்களோடு சமநிலையில் இருக்கிற காற்று அந்தக் கணக்கில் 68 சதவீதம்தான் வரும். மேகத்துக்குள் இருந்தும் 100 காட்டவில்லையே என்று சென்சாரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

6. கதிர்வீச்சு, புற ஊதா, வாயுக்கள்

குறைந்த செலவில் நிறைவான பலன் தருவது, கதிர்வீச்சைத் துடிப்புகளாக எண்ணும் கைகர் குழாய்தான் என்பேன். 1912-இல் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல் போய்க் காஸ்மிக் கதிர்களைக் கண்டுபிடித்தார். 1930-களில் ரெகனரும் ஃபோட்சரும் கதிர்வீச்சு ஏறிக்கொண்டே போகாமல் 20 கிலோமீட்டரை ஒட்டி ஓர் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்குவதைப் பார்த்தார்கள். எஸ்பிஎம்-20 மாதிரி ஒரு பழைய சோவியத் குழாயை வைத்தே அந்த உச்சத்தை நீங்களும் பார்க்கலாம். எண்ணிக்கையில் வருகிற பிழை அதன் வர்க்கமூலம், 100 துடிப்பு எண்ணினால் 10 சதவீதம். ஒரு நிமிடம் எண்ணுவதற்குள் பலூன் 300 மீட்டர் ஏறிவிடும் என்பதையும் சேர்த்து எவ்வளவு நேரம் எண்ணுவது என்று முடிவு செய்யுங்கள்.

ஆனால் கவனம்: இந்தக் குழாய்க்கு 400 வோல்ட் வேண்டும். தரையில் காற்றே நல்ல காப்பு. அழுத்தம் குறைந்தால் அதே காற்று எளிதில் மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும். பாஷன் விதிப்படி சரியான அழுத்தமும் இடைவெளியும் அமைந்துவிட்டால் 330 வோல்ட்டிலேயே பொறி பாயும். 30 கிலோமீட்டரில் அந்த மோசமான இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதாவது உங்கள் போர்டில் இரண்டு சால்டர் புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம். உயர் மின்னழுத்தப் பகுதி முழுவதையும் குமிழி இல்லாமல் சிலிகோனால் மூடுங்கள். தரையில் மாதக்கணக்கில் ஓடிய கருவி மேலே கன்னாபின்னாவென்று எண்ணத் தொடங்கினால் முதல் சந்தேகம் இங்கேதான்.

புற ஊதாவுக்கு ஜிவா-எஸ்12எஸ்டி என்ற மலிவான டயோடு போதும். பெட்டி சுழன்றுகொண்டே இருக்கும் என்பதால் ஒவ்வொரு அளவாகப் பார்க்காமல், நொடிக்குப் பல முறை எடுத்து நிமிடத்துக்கான உச்சத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓசோனுக்கு எம்க்யூ-131 வாங்கலாமா என்றால், வேண்டாம். சூடேற்றிய குறைக்கடத்தி வகை அது. வெப்பநிலை, ஈரப்பதம் எது மாறினாலும் எண்ணும் மாறும், மேலே இரண்டும் சேர்ந்தே மாறுகின்றன. உண்மையான ஓசோன்சோண்டுகளில் ஒரு குட்டிப் பம்ப் காற்றை இழுத்துப் பொட்டாசியம் அயோடைடு கரைசலுக்குள் விடும், அது வேறு செலவு. கார்பன் டை ஆக்சைடு அளக்கும் எஸ்சிடி30-க்கு அழுத்த வரம்பு 700 ஹெக்டோபாஸ்கல், 3 கிலோமீட்டர்தான். விசிறி வைத்த தூசி சென்சார்களும் இதே கதை.

7. மின்சாரம், பதிவு

மேலே சொன்ன சென்சார்கள் பெரும்பாலும் சில கிராம்தான், பேட்டரிதான் எடை. மீள்மின்னேற்ற லித்தியம் அயன் பேட்டரி குளிரில் சோர்ந்துவிடும்; ஒருமுறை பயன்படுத்தும் லித்தியம் ஏஏ பேட்டரிகள் மைனஸ் 40 வரை தாங்கும், ஒன்று 15 கிராம்தான். சாதாரண அல்கலைன் வேண்டாம். எஸ்டி அட்டையில் ஒவ்வொரு வரியையும் எழுதியவுடன் உண்மையிலேயே அட்டைக்குள் தள்ளிவிடுங்கள், கடைசியில் கோப்பை மூடிக்கொள்ளலாம் என்று விட்டால், மின்சாரம் துண்டித்தபோது எல்லாம் போய்விடும். சென்சார் தருகிற மூல எண்ணையும் பதிவு செய்யுங்கள், கணக்கிட்டு வந்த டிகிரியை மட்டும் வைத்தால் பின்னால் திருத்த வழியிருக்காது.

8. அனுப்புவதற்கு முன் தரையில் சோதனை

நொறுக்கிய பனிக்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த குவளை உங்களுக்கு 0 டிகிரியைத் தரும், சென்சாரை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு முக்குங்கள். உலர் பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) கிடைத்தால் மைனஸ் 78.5 கிடைக்கும், ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டு, பாத்திரத்தை இறுக்கி மூடாமல் செய்யுங்கள். ஈரப்பதத்துக்கு உப்பு: ஈரமான, முழுக்கக் கரையாத சமையல் உப்போடு ஒரு மூடிய டப்பாவுக்குள் சென்சாரை ஒரு இரவு வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும், உப்பு சென்சாரில் படக்கூடாது. அழுத்தத்துக்கு ஒரு சின்ன வெற்றிடப் பம்பும் கனமான பாத்திரமும் இருந்தால் எம்எஸ்5611-ஐயும் கைகர் குழாயின் காப்பையும் ஒரே தடவையில் சோதித்துவிடலாம். கடைசியாக முழுப் பெட்டியையும் இயக்கிய நிலையில் மூன்று மணி நேரம் உறைபெட்டிக்குள் வையுங்கள். அங்கே நிற்காதது மேலேயும் நிற்காது.

பலூன் அனுமதி, அலைவரிசை விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. பெட்டியை மூடுவதற்கு முன் அல்ல, சென்சார் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள், எடை வரம்பு அதில்தான் இருக்கும்.

இன்னும் மலிவாக வேண்டுமா?

தரையில் விழுந்த ஆர்எஸ்41 ஒன்று கையில் கிடைத்தால், அதில் யூ-பிளாக்ஸ் ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கும், பிளாட்டினம் வெப்பநிலை சென்சாரும் சூடேற்றி வைத்த ஈரப்பத சென்சாரும் ஏற்கெனவே நீட்டிய கையில் உட்கார்ந்திருக்கும். அமெச்சூர் வானொலிக்காரர்கள் அதன் நிரலை மாற்றித் திரும்பப் பறக்கவிடுகிறார்கள். சில நாடுகளில் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலூனே வேண்டாம், 30 கிலோமீட்டருக்கும் மேலே பார்க்க வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. சூரியனில் வெடிப்பு நடந்தால் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி அடுக்கின் கீழ்ப்பகுதி சில நிமிடங்களில் மாறும், அதில் பட்டு வருகிற மிகத் தாழ்ந்த அலைவரிசை வானொலி அலைகளின் பலமும் சட்டென்று மாறும். ஆஸ்திரேலியாவின் என்டபிள்யூசி நிலையம் 19.8 கிலோஹெர்ட்சில் அனுப்புகிறது, அமெரிக்காவின் என்ஏஏ 24.0-இல். கம்பியைச் சுற்றிய ஒரு சட்டம், சின்ன ஆம்ப்ளிஃபையர், நொடிக்கு 96,000 மாதிரி எடுக்கிற சவுண்ட் கார்டு, அவ்வளவுதான் கருவி. 48,000 எடுக்கிற கார்டில் 24-ஐப் பிடிக்க முடியாது, ஏனென்றால் அதன் வரம்பே 24 கிலோஹெர்ட்ஸ். அந்தக் கார்டுதான் இருக்கிறது என்றால் அதற்குக் கீழே அனுப்புகிற நிலையமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சுருளைக் கணினியிடமிருந்தும் எல்ஈடி விளக்குகளிடமிருந்தும் எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள், இரைச்சல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.